செல்லாக்காசுப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் படங்களிலும் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "ஐயா, இது எவ்வளவு போகும்?" அதற்குப் பதில் சொல்லும் ஆள் நானல்ல. செட்டியார் தெருவுக்குக் கொண்டு போனால் உருக்குகிற விலை சொல்வார்கள். இது என்ன, யார் கொடுத்தது, எந்தப் புத்தகத்தில் தேடுவது என்பவைதான் என் கடைச் சரக்கு. படம் அனுப்புகிறவர்கள் இரண்டு பக்கத்தையும் அனுப்புங்கள், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குத்தியை வையுங்கள். போன மாதம் ஒருவர் உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்திருந்தார். கைரேகை நன்றாகத் தெரிந்தது.

கேள்வி: தாத்தாவின் அலுமாரியை உடைத்தபோது தட்டுக்கு அடியில் ஒரு செம்பு வில்லை கிடைத்தது. ஆங்கிலத்தில் "வேகந்தே மில்ஸ், கொழும்பு" என்று இருக்கிறது. தேங்காயெண்ணெய் மில் என்று நினைக்கிறேன். நண்பரிடம் இருந்த குரௌஸ் என்ற உலக நாணயப் புத்தகத்தில் சிலோன் பகுதியில் சதம், அரைச்சதம் எல்லாம் பார்த்துவிட்டேன், இல்லை. (வாசகர், தெமட்டகொடை)

பதில்: தம்பி, தேங்காயெண்ணெய் இல்லை, கோப்பி. வேகந்த எங்கே இருக்கிறது என்று கொம்பனித்தெருவில் யாரைக் கேட்டாலும் பள்ளிவாசலைக் காட்டி வழி சொல்வார்கள். தேயிலைக்கு முன்னர் இந்த நாடு கோப்பியில் வாழ்ந்தது. மலைநாட்டில் பறித்துச் சதை நீக்கிய கொட்டை, மேல்தோலோடு கொழும்புக்கு வரும். 1867இல் கண்டிக்கு ரயில் போகும்வரை முழுக்க மாட்டுவண்டிதான். இங்கே மில்களில் அதைக் காயவைத்து, தோல் உரித்து, கல்லும் கறுப்புக் கொட்டையும் பொறுக்கிக் கப்பலேற்றுவார்கள். பொறுக்கியவர்கள் பெண்கள், ஆயிரக்கணக்கில். நாளாந்தம் அத்தனை பேருக்கும் கூலி கொடுக்கச் சில்லறை ஏது? அதனால் வேலைக்கு ஒரு வில்லை, சம்பள நாளில் வில்லையை எண்ணிப் பணம். உங்கள் தாத்தாவின் தட்டுக்கு அடியில் கிடந்தது அப்படி யாரோ மாற்றாமல் விட்ட ஒரு கூலி.

இனி நீங்கள் ஏன் தோற்றீர்கள் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் இங்கேதான் தோற்கிறோம். நாணயப் புத்தகம் அரசன், பெறுமதி, ஆண்டு என்ற வரிசையில் ஓடும். டோக்கனில், அதாவது உங்கள் வில்லை போல அரசாங்கம் அல்லாமல் தனியார் கொடுத்ததில், அரசன் இல்லை, பலவற்றில் ஆண்டும் இல்லை, சிலவற்றில் பெறுமதிகூட இல்லை. இருப்பது ஒரு பெயர், அல்லது ஒரு இடம். ஆகவே பெயரை வைத்துத் தேடும் புத்தகம் வேண்டும். குரௌஸில் சதம் பகுதியை விட்டுவிட்டு, நாட்டின் கடைசியில் டோக்கன் என்று தனித் தலைப்பு இருக்கிறதா பாருங்கள். அதைவிட நல்லது லோஸ்லி. பி. லோஸ்லி என்ற இராணுவ அதிகாரி எழுதிய "இலங்கையின் நாணயங்களும் டோக்கன்களும்" 1895இல் லண்டனில் நியூமிஸ்மாட்டிக் குரோனிக்கிள் என்ற சஞ்சிகையில் வந்தது. கோப்பி செத்துப் பத்துப் பதினைந்து வருடம்கூட ஆகாத காலம். அந்த வில்லைகளை மடியில் கட்டிக்கொண்டு வீடு போன பெண்கள் அப்போது உயிரோடு இருந்திருப்பார்கள். பின்னால் எழுதிய எவருக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

நான் அதைப் பார்த்துப் பார்த்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி எடுத்தேன், பெட்டிக்கடை பென்சிலால். கொப்பியில் கோப்பி என்று வீட்டில் இன்றுவரை கேலி.

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயதில் "ஹுல்ஸ்டோர்ஃப் மில்ஸ்" என்று எழுதிய ஒன்று கிடைத்தது. பெயரைப் பார்த்து ஜெர்மன்காரன் என்று முடிவுகட்டி, ஜெர்மன் பகுதியை இரண்டு வாரம் புரட்டினேன். கடைசியில் நூலகத்தில் ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "தம்பி, நீர் தினமும் பஸ்ஸில் கடந்து போற இடம்தானே?" என்றார். புதுக்கடை! நாம் புதுக்கடை என்றும் சிங்களத்தில் அலுத்கடே என்றும் சொல்லும் இடத்தின் காகிதப் பெயர் ஹல்ஸ்டோர்ப். 1656இல் கொழும்பு முற்றுகையில் செத்த ஒல்லாந்துத் தளபதி ஹுல்ஃப்டின் பெயர். இப்போது கோட்டும் வழக்கும் நிற்கிற இடத்தின் பெயரில் அப்போது கோப்பி மில் இருந்தது. டோக்கனில் உள்ள ஊர்ப்பெயரைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் அதைச் செய்யுங்கள், பிறகு புத்தகத்தைத் திறவுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள ஒரு கோப்பி டோக்கனில் "19 சதம்" என்று போட்டிருக்கிறது. பத்தொன்பது சதத்துக்கு யாராவது காசு அடிப்பார்களா? போலிதானே? (வாசகர், வத்தளை)

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் இதற்கு விடை காசு எடுப்பவரிடம் இல்லை, கணக்கு வாத்தியாரிடம் இருக்கிறது. ஒல்லாந்தர் விட்டுப்போன கணக்கில் ஒரு இறைசாலுக்கு 12 பணம். இறைசால் என்றால் யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளில் வருகிற அதே ரிக்ஸ்டாலர்தான். ஆங்கிலேயர் 1825இல் அதற்கு ஒன்றரை ஷில்லிங் என்று விலை கட்டினார்கள், அதாவது 18 பென்ஸ். ஆக ஒரு பணம் ஒன்றரை பென்ஸ், மூன்று பணம் நாலரை பென்ஸ். 1872இல் ரூபாயும் சதமும் வந்தன. ஒரு ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங், 24 பென்ஸ். இப்போது நாலரையை 24ஆல் பிரியுங்கள். 18¾ சதம். கால் சதத்தோடு யார் மல்லுக்கட்டுவது? 19 என்று அடித்துவிட்டார்கள்.

பழைய மூன்று பணம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். இதிலிருந்து ஆண்டும் கிடைக்கிறது. சதம் இருப்பதால் 1872க்குப் பின்னால். கோப்பி இலையில் துருநோய் மடுல்சீமையில் தெரிந்தது 1869இல், அடுத்த இருபது வருடத்துக்குள் தோட்டம் தோட்டமாக விழுந்தது. உங்கள் டோக்கன் அந்த இடைவெளியில் பிறந்தது. ஆண்டு அடிக்காத காசுக்கு இதைவிடக் கிட்டத்தில் போக முடியாது. போலி என்று எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: புத்தகத்தில் "ஏ.ஈ.", "ஏ.ஆர்.", "ஏ.வி." என்று வருகிறதே? (மாணவி, பம்பலப்பிட்டி)

பதில்: உலோகம், தங்கச்சி. இலத்தீனில் இருந்து வந்த சுருக்கெழுத்து. ஏ.ஈ. செம்பும் செம்புக் கலப்புகளும், ஏ.ஆர். வெள்ளி, ஏ.வி. தங்கம். பித்தளையையும் சிலர் ஏ.ஈ. என்றே போட்டுவிடுவார்கள், அதனால் நிறத்தை வைத்துப் புத்தகத்தோடு சண்டை போடாதீர்கள்.

கேள்வி: சுண்டுவிரல் நகமளவு வெள்ளித் துண்டு. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் "ஃபானம்", மறுபக்கம் "டோக்கன்". டோக்கன் புத்தகம் ஒன்றுவிடாமல் தேடிவிட்டேன். (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: நான் இருக்கும் ஊர்க்காரர், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்: காசு சொல்வதை எல்லாம் நம்பாதீர்கள். டோக்கன் என்று எழுதியிருந்தாலும் அது டோக்கன் அல்ல. மூன்றாம் ஜோர்ஜ் காலத்தில், 1814, 15 அளவில், இலங்கை அரசாங்கமே வெளியிட்ட சில்லறை. ஃபானம் என்பது நம்முடைய பணம்தான், வெள்ளைக்காரன் வாயில் பகரம் ஃபகரமாகி இங்கிலீஷ் எழுத்தில் ஏறித் திரும்பி வந்திருக்கிறது. தேட வேண்டியது அரசாங்க நாணயப் பகுதியில். பிரிட்மோர் 1962இல் வெளியிட்ட பிரித்தானியப் பொதுநலவாய நாடுகளின் நாணயங்கள் வரிசையில் ஆசிய நாடுகளுக்கான இரண்டாம் பாகத்தைப் பாருங்கள். கொட்ரிங்டனிலும் பாருங்கள். சிவில் சேவையில் இருந்தவர், 1924இல் கொழும்பு நூதனசாலை வெளியீடாக வந்தது அவர் புத்தகம். இலங்கைக் காசு என்று வாய் திறப்பவர் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. யாழ்ப்பாணத்து அரசர்களின் நந்தி போட்ட "சேது" காசுக்கும் அங்கேதான் போக வேண்டும். பழைய புத்தகம் தேடி மெக்கலம் ரோட் கடைகளில் அலைவது நல்ல உடற்பயிற்சி. அலைய முடியாதவர்கள் நூதனசாலை நூலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: புளி போட்டுத் தேய்த்தேன், நன்றாக மின்னுகிறது. படம் இணைத்திருக்கிறேன். (வாசகி, தெஹிவளை)

பதில்: பார்த்தேன். குத்துவிளக்குக்குப் புளி, காசுக்கு வேண்டாம். நூறு வருடத்துப் பச்சையும் பழுப்பும் போனதோடு எழுத்தின் விளிம்பும் போய்விட்டது. நானும் பள்ளிக்கூடப் பருவத்தில் தேசிக்காயும் சாம்பலும் போட்டு ஒன்றைக் கொன்றவன்தான், ஆகவே மேலே பேசவில்லை. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவிடுங்கள். எழுத்துத் தெரியாவிட்டால் தேய்க்க வேண்டாம், மெல்லிய கடதாசியை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்து உரசுங்கள். அல்லது இரவில் விளக்கை அணைத்துவிட்டு டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து நிழலில் எழும்பி நிற்கும்.

கேள்வி: 1818ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பனி அரை அணா. ஒரு பக்கம் தாமரை, மறுபக்கம் இராமர் பட்டாபிஷேகம். "யூ.கே.எல்." என்ற எழுத்தும் உண்டு. அரிசியை இழுக்கும் சக்தி இருக்கிறதாம், இந்தியாவில் இருந்து ஒருவர் நாற்பது இலட்சம் தருவதாகச் சொல்கிறார், "பரிசோதனைச் செலவு" மட்டும் முதலில் கட்ட வேண்டுமாம். (பெயர் வேண்டாம்)

பதில்: கட்டாதீர்கள். ஒரு சதமும் கட்டாதீர்கள். இதே துண்டை ஹனுமான் போட்டும் இராமர் போட்டும் எனக்கு வருடா வருடம் அனுப்புகிறார்கள். எந்த நம்பகமான நாணய அட்டவணையிலும் கம்பனிக் காசாக இது இல்லை, ஏனென்றால் கம்பனி இதை அடிக்கவே இல்லை. பின்னாளில் பக்திக்கும் வியாபாரத்துக்குமாக வார்த்த துண்டு. யாராவது ஒரு கெட்டிக்காரர் "சென்னையில் கம்பனி அடித்த வராகனில் விஷ்ணு இருந்தாரே" என்று கேட்பார். இருந்தார், உண்மை. ஆனால் அது வராகன், செம்பு அரை அணா அல்ல. வராகன் அடித்த காலத்தில் சென்னையில் வராகன், பணம், காசு என்றுதான் கணக்கு. கம்பனிச் செம்பு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் 1835 கால் அணாவைப் பாருங்கள்: ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிய கம்பனிச் சின்னம், மறுபக்கம் இலைவளையத்துக்குள் பெறுமதி. பட்டாபிஷேகத்தைப் பூசை அறையில் வையுங்கள், அதற்கு அது தகும். அந்த ஆளின் இலக்கத்தைப் பொலிசுக்குக் கொடுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் அம்மம்மா போன வருடம் தவறினா. அவவின் வெற்றிலைப் பைக்குள், பாக்குவெட்டியோடு, நூல் கோர்த்த ஒரு வட்டத் தகடு இருந்தது. துரு. ஒரு எழுத்தும் எண்ணும் மட்டும் அடித்திருக்கிறது. காந்தம் ஒட்டுகிறது. அது தன்ர அம்மாவின்ர கழுத்தில கிடந்ததாம், மண்டபத்தில இருந்து வந்ததாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறா. நாணயப் புத்தகம் வைத்திருக்கும் இரண்டு பேரிடம் காட்டினேன், "இரும்புத் துண்டு" என்று சொல்லிவிட்டார்கள். (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எந்த நாணயப் புத்தகத்திலும் அது வராது, ஏனென்றால் அதை எவரும் செலவழித்ததில்லை. ஆளின் கழுத்தில் மாட்டியது.

அதன் பெயர் தகர டிக்கெட். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்களுக்கு ஆள் எடுக்க வந்த முறை. கங்காணி ஊருக்குப் போகும்போது தோட்டத்தின் அடையாளம் அடித்த தகடுகளைக் கொண்டு போவார். பெயர் பதிந்தவருக்கு ஒன்று. கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டால் ரயிலும் கப்பலும் முகாமும் எல்லாம் அந்த எண்ணைப் பார்த்தே ஆளை நகர்த்தும், செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டத்தின் கணக்கில் இருந்து அது எங்கே இறங்கும் என்பது மலையகத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலில் தூத்துக்குடியில் கப்பல் ஏறி, ராகமை முகாமில் தங்கிப் போனார்கள். 1914இல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழி திறந்தது, பிறகு இந்தியக் கரையில் மண்டபம் முகாம் வந்தது. உங்கள் பூட்டி மண்டபத்தால் வந்தார் என்றால் அந்தப் பிந்திய காலம்.

எந்தத் தோட்டம்? அதற்கு இரண்டு வழி. முதலாவது பெர்குசன் டைரக்டரி. 1850களின் கடைசியில் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் வெளிவந்த தடித்த புத்தகம். தோட்டங்களை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து, பரப்பு, உரிமையாளர், ஏஜென்ட், துரை என்று எல்லாம் போட்டிருப்பார்கள். பிலிப் குணவர்தன மாவத்தையில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் நூதனசாலை நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். கோப்பி வில்லைக்காரர்களும் கேளுங்கள், உங்களுக்கும் உண்மையில் இதுதான் முதல் புத்தகம். காசைப் பற்றி ஒரு வரி கிடையாது, ஆனால் காசு கொடுத்தவன் எல்லாரும் உள்ளே இருக்கிறான்.

ஒரு எச்சரிக்கை: தோட்டத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயர், நம் சனம் வைத்த பெயர் வேறு. அம்மம்மா சொன்ன பெயரை டைரக்டரியில் தேடினால் கிடைக்காமல் போகலாம். பக்கத்து டவுன், ரயில் ஸ்டேஷன், ஆறு எது என்று வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேட்டு வையுங்கள்.

இரண்டாவது வழி உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். 1948இல் தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமை போனது. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் வரை காலம் கொடுத்தார்கள். விண்ணப்பித்தவர்கள் இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கே வாழ்ந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்காகத் தோட்டத்துச் செக்ரோல் (வேலைப் பதிவேடு) துண்டு, பிறப்புப் பதிவு, துரையின் கடிதம் என்று கையில் கிடைத்த எல்லாக் காகிதத்தையும் சேர்த்து வைத்தார்கள். பலர் வீடுகளில் அது இன்னும் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. தோட்டத்தின் பெயர் அந்தக் காகிதத்தில் இருக்கும். பெயர் கிடைத்தால் தகட்டில் உள்ள எழுத்தோடு ஒட்டிப் பாருங்கள்.

துருவைச் சுரண்ட வேண்டாம். நூலை அறுக்க வேண்டாம். ஈரம் படாத டப்பாவில் கொஞ்சம் அரிசியோடு வையுங்கள். எழுத்து எது, எண் எது என்று படத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பென்சில் உரசல் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்புங்கள், அடுத்த முறை சுவடிகள் பக்கம் போகும்போது நானும் பார்க்கிறேன். விலை கேட்காமல் எழுதிய கடிதங்களில் இந்த மாதம் என் மனதில் நின்றது உங்களுடையதுதான்.

கேள்வி: செம்புக் காசு. பெரிய ஆங்கில "வி", அதன் இரண்டு கைகளிலும் "ஓ", "சி". வ.உ.சிதம்பரம்பிள்ளையின் கப்பல் கம்பனி டோக்கன் என்று வாங்கினேன். (வாசகர், மட்டக்குளி)

பதில்: ஆசைதான்! 1906இல் தொடங்கி, தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டவர் என்பதால் பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் உங்கள் காசில் 1783 என்று இருக்கிறதே ஐயா. அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், அவர்கள் இங்கே அடித்த ஸ்டைவர் என்ற செம்புக் காசு.

இந்த இடத்தில் என் தலையில் ஒரு குட்டு. போன இதழில் இதே வகைக் காசு ஒன்றில் சின்னத்துக்கு மேலே இருந்த கோட்டை "ஒன்று, பெறுமதி" என்று எழுதிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் தபாலட்டையில் திருத்தினார்: அது இலக்கம் அல்ல, "ஐ" என்ற எழுத்து, பழைய எழுத்துமுறையில் யாழ்ப்பாணப்பட்டினத்தின் முதல் எழுத்து. கொழும்புக்கு "சி", காலிக்கு "ஜி", திருகோணமலைக்கு "டி". கொட்ரிங்டனை எடுத்துப் பார்த்தேன். ஆசிரியர் சொன்னது சரி. புத்தகம் என் மேசையில்தான் கிடந்தது, நான் திறக்கவில்லை. மட்டக்குளி வாசகரே, உங்கள் காசில் மேலே எந்த எழுத்து என்று பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: பித்தளை, வட்டம், மேலே ஓட்டை. 47 என்ற எண் மட்டும். மறுபக்கம் வெறுமை. அம்மாவின் கைப்பைக்குள் இருந்தது. எந்தப் புத்தகத்தில் தேடலாம்? (வாசகர், கொள்ளுப்பிட்டி)

பதில்: புத்தகம் வேண்டாம், படத்தின் ஓரத்தில் சிவப்புப் பெயின்டில் "செ" என்று அரைகுறையாகத் தெரிகிறது. அம்மா கடைசியாகப் போன கோயில் எது என்று கேளுங்கள். செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கும்.